கரியாலூரில் கைமாற்று மாத்திரை

அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் வழி இருக்கிறது. நான் அதற்காகப் போகவில்லை. கல்வராயன் மலையில் மரவள்ளி போடும் அண்ணாமலை, என் கல்லூரித் தோழி மல்லிகாவின் கணவர். வயது நாற்பத்தொன்று. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மல்லிகா போனில் அழுதாள். போன மாதம் அவரை எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கக் கீழே கூட்டிவரப் போனேன். கோபம் இன்னும் தீரவில்லை.

வெள்ளி காலை 6 மணிக்குச் சென்னையில் பஸ் ஏறி 11.40க்குக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து பஸ்ஸில் கரியாலூர் சேர மணி மூன்று. வளைவுகளில் வயிறு புரட்டும், லேசாகச் சாப்பிடுங்கள்.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் எக்கோ, 1,200 ரூபாய். இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்துவிட்டது என்றார் டாக்டர். இனியாவது தினமும் பிரஷர் மாத்திரை போட்டால் இத்தோடு நிறுத்தப் பார்க்கலாம், விட்டால் இதயம் சோர்ந்துபோகும் என்றார்.

திரும்பும்போது ஜீப், ஆளுக்கு 80 ரூபாய். வண்டியில் கேட்டேன்.

"தினம் போட்டீங்களா அண்ணா?"

"எங்க, தங்கச்சி? எதிர் வூட்டு அலமேலுக்குத் தீந்துபோச்சுன்னு அஞ்சு குடுத்தேன். எனக்குத் தீந்தா அவங்க குடுப்பாங்க. வெள்ளையா இருந்தா எல்லாம் ஒண்ணுதானே?"

அந்த ஊரில் உப்பு, விதை போல மாத்திரையும் கைமாற்று. மாதம் ஒருமுறை மருந்து வண்டி வரும். அன்று காட்டு வேலையில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் கிடையாது. எவன் போட்ட திட்டம் இது?

ஆய்வகத்தில் எனக்கு வேலையே இதய செல்களோடுதான். அழுத்தத்தில் தவிக்கும் செல் சில மூலக்கூறுகளை வெளியே விடும். அது மூழ்கியிருந்த திரவத்தை மட்டும் எடுத்து, சும்மா இருக்கும் செல்கள்மேல் ஊற்றினால் அவையும் பருத்துவிடுகின்றன. தசை செல்களுக்கு இடையிலுள்ள நார் செல்களும் சேர்ந்துகொண்டு சேதி அனுப்பும். முதலில் அது அழுத்தத்தைத் தாங்க உதவிதான். அழுத்தம் குறையாவிட்டால் சேதி நிற்காது, சுவர் தடித்துக்கொண்டே போகும். இதை அவரிடம் கத்திச் சொன்னேன்.

ஜீப் டிரைவர் சிரித்தார். "இன்னாங்க, அதுங்களும் ஊர் மாதிரியே பேசிக்கினு கெடக்குதா?"

சிரிக்கிற விஷயமா இது?

வீட்டுக்குள் நுழைந்து உட்காரக்கூட இல்லை, வாசலில் அலமேலு. "அண்ணே, ஒரே ஒரு மாத்திர. தல கிறுகிறுன்னு வருது."

அண்ணாமலையின் கை கீழே வாங்கிவந்த புது மாத்திரை அட்டைக்குப் போனது.

"குடுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"பரவால்லங்க" என்று அந்தம்மா போய்விட்டார். அவர் இதயத்திலும் அதே சேதி ஓடிக்கொண்டிருக்கும். தெரிந்துதான் கத்தினேன். மறுநாள் காலை பஸ்ஸில் என்னோடு கீழே ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி அலமேலுவைக் கூப்பிட்டேன். களை எடுக்கணும், வரமுடியாது என்றார்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் வேண்டும். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வையுங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். மறந்துவிட்டு அங்கே யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் தங்களுடையதைக் கொடுத்துவிடுவார்கள்.