நீலக்கரைக் கடதாசிக் கோப்பைகள்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் டூட்டிங்கில் நாங்கள் இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. உளுந்து வடக்குப் படை, செத்தல் மிளகாய் தெற்குப் படை. அடிமைகளை விடமாட்டோம் என்று நின்ற தெற்கையும் அதோடு பொருதிய வடக்கையும் என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மோதவிடுவார். போர் முடிந்ததும் இரண்டு படைகளையும் பொறுக்கிப் போத்தல்களில் போடுவது என் வேலை. மறுநாள் வடக்குப் படையை ஊறப்போட்டுத் தோசைக்கு அரைப்பேன்.

கிழமையில் ஆறு நாள் அவர் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தார். ஏழாம் நாள் தளபதி. நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகங்கள் மெத்தைக்கு அடியில்கூடக் கிடக்கும். அடிமைச் சந்தையில் தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்ற இடம் வந்தால் மூக்கை உறிஞ்சுவார். இரக்கமான மனிதர். அநியாயம் கடலுக்கு அப்பால், நூறு வருடத்துக்கு முன்னால் நடந்திருந்தால் கண்ணீர் தாராளமாக வரும். பக்கத்தில் நடந்தால் அவருக்கு ஷிப்ட் இருக்கும்.

இந்தப் போருக்கு ஒரு துணை கிடைத்தது நூலகத்தில்தான். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் கை நீட்டியிருக்கிறார்கள். மற்றவரும் யாழ்ப்பாணத்தார், என் கணவரைவிடப் பத்து வயது இளையவர், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறையில் இருந்துகொண்டு தபால் பிரிக்கும் வேலை செய்தார். அன்றே வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு எட்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, எங்கள் தட்டில் சோறு சாப்பிட்டு, எங்கள் பேணியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். என்னை அக்கா என்பார். தான் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுத்தான் எழும்புவார். எங்கள் வீட்டுக்கு வந்த ஆண்களில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் உண்மையாகவே படித்திருந்தார். என் கணவருக்குத் தளபதிகளின் தாடிதான் தெரியும்.

"அண்ணை, வடக்கு ஆக்கள் முதல்ல அடிமையளுக்காகச் சண்டைக்குப் போகேல்லை. நாடு பிரியக்கூடாது எண்டுதான் போனவை. அடிமையள் தாங்களாத் தோட்டங்களை விட்டிட்டு ஓடி வந்து அவையின்ர முகாம் வாசல்ல நிண்டவை. அதுக்குப் பிறகுதான் அவைக்கு வேற வழியில்லாமப் போனது."

"அதெல்லாம் சின்ன விசயம்," என்று என் கணவர் மிளகாய்களை நகர்த்துவார். ஒருநாள் அதே மேசையில், அதே மிளகாய்களுக்கு முன்னால், தன் குடும்பப் பெருமையையும் அவிழ்த்துவிட்டார். "எங்கட பூட்டனார் அடிமை குடிமையளை வச்சு வாழ்ந்த மனுசன், தெரியுமோ?" என்றார். சொன்னவருடைய முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நண்பர் கையிலிருந்த உளுந்தை மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

பிறகு அங்கிருந்த தமிழ்ச் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது. எங்கள் சங்கம் என்பது பதினெட்டுக் குடும்பமும் பத்தொன்பது பதவியும். இந்தப் போரைப் பற்றித் தேவாலய மண்டபத்தில் பேச்சு. பாதியை என் கணவரும் மீதியை நண்பரும் பேசுவதென்று முடிவானது. நண்பர் பன்னிரண்டு பக்கம் எழுதினார். ஒரு கோட் வாங்கினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, குசினி வாசலில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினார். ஓடி வந்தவர்களைப் பற்றிய பக்கம் வந்தபோது நான் கத்தியை வைத்துவிட்டேன்.

"அம்மா போன மாசம்தான் ஊரிலயிருந்து வந்தவ," என்றார். "அவவைக் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா. ஊரில எங்களை மேடைப் பக்கம் விடாயினம். நான் நிண்டு கதைக்கிறதை அவ ஒருக்காப் பாக்கவேணும்."

அவர் எங்களை நம்பித்தான் அதைச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரை மேடையேற்றுவதென்றால் அவரை அறிமுகம் செய்ய ஊர் வேண்டும். ஊர் போதாது, ஊரில் எந்தக் குறிச்சி என்று வேண்டும். பிறகு தகப்பனுடைய பெயர். இந்த மூன்றும் கிடைத்தால் சாதியை வாயால் கேட்க வேண்டியதில்லை. கேட்பது நாகரிகமில்லை, பாருங்கள், நாங்கள் லண்டனில் இருக்கிறோம். சங்கச் செயலாளர் மூன்றையும் சேகரித்துக்கொண்டு, ஊருக்கு ஒரு போன் எடுத்துவிட்டு, எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தாள் இஞ்ச கை நனைக்கிறவரோ?"

"சீச்சீ," என்றார் என் கணவர். "தேத்தண்ணி மட்டும்தான்."

எட்டு மாதச் சோற்றை ஒரே வாயில் தேத்தண்ணியாக்கிவிட்டார். இதே மனிதர் அதற்கு முந்தின கிழமைதான் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரி தனக்குப் பக்கத்தில் இருக்காமல் எழும்பிப் போனாள் என்று கவுன்சிலுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். பிழை திருத்தியது நான்.

மறுநாள் வேலையால் வரும்போது ஒரு பாக்கெட் கடதாசிக் கோப்பை வாங்கி வந்தார். வெள்ளைக் கோப்பை, விளிம்பில் நீலக் கரை.

"இனி அவர் வந்தா இதில ஊத்திக் குடும். உமக்கும் கழுவிற வேலை மிச்சம்."

திருமணமாகி ஒன்பது வருடத்தில் என் கைகளைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

நான் அதை வாங்கிக்கொண்டு அலுமாரியடிக்குப் போனேன். என் அப்பாவின் வீட்டில் கிணற்றடிக்கு அப்பால் வேலியில் ஒரு தகரப் பேணி கொழுவியிருக்கும். அது யாருக்கு என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். விமானத்தில் வந்தபோது அந்தப் பேணியையும் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அலுமாரியில் அந்தப் பாக்கெட்டை வைத்தபோதுதான் விளங்கியது. விளங்கியும் வைத்தேன்.

ஞாயிறு நண்பர் வந்தார். என் கணவர் அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேரம் காணாதாம். ஒராள்தான் கதைக்கலாமாம். உம்மட பேப்பரைத் தாரும், நான் சேத்துக் கதைக்கிறன்."

"அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை."

"அவ வரட்டும். வந்து கேக்கட்டும்."

நான் தட்டத்தோடு போனேன். தட்டத்தில் இரண்டு பீங்கான் கோப்பைகளும் ஒரு கடதாசிக் கோப்பையும் இருந்தன. அவருடைய கை வழக்கமான பீங்கானை நோக்கிப் போய், பாதியில் நின்றது. கடதாசிக் கோப்பையை எடுத்து, விளிம்பைப் பார்த்தார்.

"இது எனக்கெண்டு வாங்கினதோ அக்கா?"

"கழுவிற வேலை மிச்சம்," என்றேன்.

முழுவதையும் குடித்தார். பன்னிரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்தார். கழுவுவதற்கு ஒன்றுமில்லாததால் அப்படியே எழும்பிப் போனார். அன்று எனக்கு வந்த வெட்கத்தை நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்க வேண்டியிருக்கும்.

மண்டபத்தில் என் கணவர் முக்கால் மணி நேரம் பேசினார். தாடிகள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. மிச்சம் முழுக்க அந்தப் பன்னிரண்டு பக்கம். ஓடி வந்தவர்களைப் பற்றி, குசினி வாசலில் நான் கேட்ட அதே வசனங்களை வாசித்து, அதே இடத்தில் நிறுத்தி, கண்ணைத் துடைத்தார். "மனுசனை மனுசன் தாழ்த்திறது பாவம்," என்று முடித்தார். எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். செயலாளர்தான் எல்லாருக்கும் முதல் எழும்பினார்.

நண்பர் வந்திருந்தார். கடைசி வரிசையில் அந்தக் கோட்டோடு, தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் வந்ததற்கு என்ன காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாய் கேட்டிருப்பா.

பேச்சு முடியத் தேத்தண்ணி. ஊற்றுவது நான். வாங்கிய பாக்கெட்டை வீணாக்கக்கூடாதென்று என் கணவர் மீதிக் கோப்பைகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தார். செயலாளர் ஒன்றை எடுத்தார், செயலாளரின் மனைவி ஒன்றை எடுத்தா, மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். கடைசியில் நண்பரும் தாயும் வந்தார்கள். தாய் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தா. எல்லார் கையிலும் நீலக் கரை. அவவின் முகம் மலர்ந்தது.

"தம்பி, இஞ்ச எங்களுக்கும் அவையளுக்கும் ஒரே கோப்பைதானோ?" என்று மெல்லக் கேட்டா.

அவர் தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓமம்மா," என்றார். "இஞ்ச எல்லாருக்கும் ஒண்டுதான். குடியுங்கோ."