பொங்கல் வரிசையும் அமெரிக்க வட்டியும்

செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் வேலையை விட்டு நின்றபோது கைக்கு வந்த பணத்தை பேங்கில் போடத்தான் நினைத்திருந்தேன். மனைவியின் தம்பி சிதம்பரத்தில் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். "பேங்கு வட்டி வெலவாசிக்கே பத்தாது மாமா" என்றான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது 2007.

அடுத்த வருஷம் அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் திரும்பாமல் போய், உலகம் முழுக்க மார்க்கெட் சரிந்தது. என் பணமும் பாதியானது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, அவன் வருவதை நிறுத்திவிட்டதுதான் வீட்டில் கனத்தது. போனை எடுப்பதில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

வருஷா வருஷம் பொங்கலுக்கு முதல் நாள் கரும்பு, புது அரிசி, மஞ்சள் கொத்தோடு அக்காவுக்கு வரிசை கொண்டுவருவான். அந்த மஞ்சளைத்தான் அவள் பானையில் கட்டுவாள். அந்த வருஷமும் முதல் நாள் மதியம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில வாங்கிக்கலாமே" என்றேன்.

"கடையில மஞ்சா இருக்கு. தம்பி இருக்கானா?"

எனக்குப் பேச்சு வராது. நேரில் போய் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, கடலூர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு ஜோடி கரும்பு வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.

"கரும்புக்கும் டிக்கெட் எடுக்கணும். பொண்ணு வூட்டுக்கு சீரா?" என்றார் கண்டக்டர்.

"மச்சான் வீட்டுக்கு."

"தலகீழா இல்ல இருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. சிதம்பரம் வரும்வரை தோகைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவன் இளைத்திருந்தான். தாடி வேறு. கரும்பைப் பார்த்ததும் என்னை உள்ளே கூப்பிடக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"பணம் வந்துடும் மாமா. அமெரிக்காவுல வட்டிய அடியோட கொறச்சிட்டாங்க. அங்க போட்டா ஒண்ணும் கெடைக்காது, பணம் நம்ம பக்கந்தான் திரும்பணும். ரெண்டு மூணு வருஷம் மட்டும் பொறுத்தீங்கன்னா..."

"அத பஸ்ல சொல்லு மச்சான். அக்கா இன்னும் மஞ்சா வாங்கல."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். கடைவீதியில் அரிசியும் மஞ்சளும் வாங்கினான். கரும்புக்கடைப் பக்கம் திரும்பியவனைத் தடுத்து, என் தோளில் இருந்ததை அவன் தோளுக்கு மாற்றினேன். கடலூர் வரும்வரை வட்டி, டாலர், கச்சா எண்ணெய் என்று பேசிக்கொண்டே வந்தான். பாதிதான் புரிந்தது. அவன் பேசுவதே போதுமாக இருந்தது.

அவன் சொன்னபடி பிறகு மார்க்கெட் ஏறியது. போட்ட பணம் கைக்கு வந்தது. அதற்குள் பருப்பு விலையும் எங்கோ போயிருந்தது. லாபமா நஷ்டமா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று சாயங்காலம் நாங்கள் தெருமுனை திரும்பும்போதே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். தம்பியின் முகத்தைத் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பைப் பார்த்தாள்.

"ஏன்டா, தோகையெல்லாம் ஒடிஞ்சி கெடக்குது? பாத்து வாங்க மாட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பானையைக் கழுவி வைக்க உள்ளே போனேன்.