குடும்பத்தையே பார்க்காமல் ஒரு டாக்டர் பட்டம்

சித்தூரில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி சண்டை, மாமியார் மருமகள் மனஸ்தாபம் என்று வருபவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. இதிலேயே டாக்டர் பட்டம் வாங்க ஆசைப்பட்டு, வீட்டுக்காரரோடு திருப்பதியில் ஒரு ஏஜென்ட்டைப் பார்க்கப் போனேன்.

"காலேஜுக்கே வர வேணாம் மேடம். தீசிஸும் நாங்களே எழுதிடுவோம்" என்றார். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

"நான் குடும்பங்களோட பேசறத கூட இருந்து யாரு திருத்துவாங்க?"

"குடும்பமா? அதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று சிரித்தார்.

எழுந்துவிட்டேன். பஸ் பாகாலா தாண்டியும் வீட்டுக்காரர் பொருமிக்கினே வந்தார். "தெருவெல்லாம் டாக்டரம்மான்னு சொல்லி வெச்சிட்டேனே, இப்ப என்னான்னு சொல்றது?"

"ஏமாறாம வந்துட்டாள்னு சொல்லுங்க!"

வீட்டுக்கு வந்து அரசு இணையதளத்தில் தேடினால், அந்த ஏஜென்ட் சொன்ன பல்கலைக்கழகமே அங்கீகாரப் பட்டியலில் இல்லை.

இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கீகாரம் உண்டா, வழிகாட்டும் பேராசிரியர் யார், குடும்பங்களோடு நேரடிப் பயிற்சி உண்டா என்று கேட்காமல் எதிலும் கை வைப்பதில்லை. "இந்த வயசுல இன்னும் எத்தினி காலேஜ் பாப்ப?" என்று நாத்தனார் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என்னை நம்பி வீட்டு ரகசியத்தைச் சொல்பவர்களுக்கு முன்னால் பொய்ப் பட்டத்தை மாட்டிவைக்க மாட்டேன்.

"நீங்க டாக்டரா மேடம்?" என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்கிறேன்: "இன்னும் இல்லம்மா. உக்காரு, என்ன நடந்துச்சு சொல்லு."