அலைக்குளத்துக் கரையில் சொன்ன பொய்

போன ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்கு அல்ல. வாய் கூசாமல், உங்களைப் போன்ற ஒரு வாசகரிடம்.

ஓசூருக்கு அருகே, அத்திபெலே பக்கம் இருக்கும் ஒரு வாட்டர் பார்க்குக்குப் போக வேண்டும் என்று மல்லிகா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது போயிருக்கிறோம். அப்போதெல்லாம் பையையும் துண்டையும் பார்த்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். "இந்தத் தடவை நான் நனையணும்" என்றாள். ஐம்பது தாண்டியவளுக்கு அந்த ஆசை வரக் கூடாதா என்ன?

காட்டன் சுடிதாரோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்களாம். நைலான் உடைதான் வேண்டுமாம். கவுன்ட்டரில் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள் — மஞ்சள் டி-ஷர்ட், முழங்காலோடு நின்றுபோன இறுக்கமான பேன்ட். எனக்குப் பகீரென்றது.

"மேல போட துப்பட்டா ஏதாவது...?"

"தண்ணிக்குள்ள துப்பட்டாவா!" சிரித்துக்கொண்டே அலைக்குளத்துக்குள் போய்விட்டாள்.

நான் வெற்று மார்பும் தொப்பையுமாகக் கரையில் நின்றேன். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, கவனியுங்கள். மனைவி நனைந்தால் மட்டும்தான் ஊரே பார்ப்பதாகத் தோன்றுகிறது நமக்கு.

"சார்... பத்திரிகையில வாராவாரம் பத்தி எழுதுறது நீங்கதானே?"

முப்பது வயது இருக்கும். பெயர் கார்த்திக், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. "நானும் என் ஒய்ஃபும் ஃபர்ஸ்ட் உங்க பக்கத்தைத்தான் சார் படிப்போம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சைரன் ஊதி, அலை கிளம்பியது. கூட்டம் 'ஹோ'வென்று கத்த, அதற்கும் மேலே ஒரு குரல்...

"என்னங்க! வாங்க! செமையா இருக்கு!"

ஈர டி-ஷர்ட், கலைந்த தலை, இரண்டு கைகளையும் தூக்கி ஒரு குதியாட்டம்.

கார்த்திக் சிரித்தார். "யாரு சார் அந்த ஆன்ட்டி? உங்களையா கூப்பிடுறாங்க?"

"தெரியலையே... வேற யாரையாவது இருக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பினால், அலை அவளை என் காலடியிலேயே கொண்டுவந்து விட்டிருந்தது. கேட்டுவிட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"ஸாரிப்பா, இவரை எங்க வீட்டுக்காரர்னு நெனச்சுட்டேன்" என்றாள் கார்த்திக்கிடம். திரும்பித் தண்ணீருக்குள் நடந்தாள்.

என் பொய்யை அவளே காப்பாற்றிக் கொடுத்தாள். அதற்குப் பதில் என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம்!

கார்த்திக் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனதும் அவளைத் தேடி அலைந்தேன். உள்ளரங்கில், சறுக்குக் குழாய்க்கு ஏறும் படிக்கட்டில் நின்றிருந்தாள். இரண்டு பேர் உட்காரும் டியூப். ஓசூரிலிருந்து வந்த ஒரு பெண்ணை ஜோடி சேர்த்திருந்தாள். நான் மூச்சு வாங்க அருகில் போனதும் அந்தப் பெண் கேட்டாள், "இவரு யாருக்கா?"

பழி வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"எங்க வீட்டுக்காரரும்மா" என்றாள் மல்லிகா, யோசிக்காமல்.

கூனிக் குறுகிப் போனேன்.

மதியம் சாப்பிடும் இடத்தில் கார்த்திக்கும் அவர் மனைவியும் இருந்தார்கள். மல்லிகா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"கார்த்திக், இவங்க என் மனைவி. காலையில பொய் சொல்லிட்டேன். இவங்க டிரெஸ்ஸைப் பார்த்து வெட்கப்பட்டுச் சொன்னேன்."

அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தோசையைப் பார்த்தார். அவர் மனைவி மட்டும் என்னை நேராகப் பார்த்தார். ஒரு வாசகி குறைந்துவிட்டார் என்று புரிந்தது.

ஆனாலும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கார் கிளம்பியதும், "சொல்லிட்டேன் பார்த்தியா?" என்றேன். பெருமை வேறு!

மல்லிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தம்பிகிட்ட சொன்னீங்க, சரி. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

பக்கம் பக்கமாக எழுதுகிறவன்தான்... 'மன்னிச்சுடு' என்ற ஒற்றை வார்த்தை வாய்க்கு வருவதற்குள் கார் பத்து கிலோமீட்டர் ஓடி, ஹெப்பகோடி தாண்டிவிட்டது.