2525ஆம் போர்ட்

கொடைக்கானலில் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு பிராட்பேண்ட் வந்தபோது, மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என்னிடம் வந்தது. அதற்கு முன் மதுரையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சர்வர் என்றால், சமையலறைக்குப் பின்னால் பூஞ்சை பிடித்த சுவரோரம் கிடந்த பழைய கம்ப்யூட்டர்.

இணைப்பு தந்தவர்கள் மெயில் வெளியேறும் வாசலான 25ஆம் போர்ட்டை அடைத்துவைத்திருந்தார்கள். திண்டுக்கல் கிளையின் சர்வருக்கு அந்தத் தடை இல்லை. இலவசமாகக் கிடைத்த ஒரு சிறு மென்பொருளை அங்கே நிறுவினேன். 2525ஆம் போர்ட்டுக்கு வருவதை வாங்கி, அதே சர்வரின் 25ஆம் போர்ட்டில் கொடுக்கும். அதற்கு எழுத வேண்டிய கட்டளை ஒரே வரிதான். மலையிலிருந்து மெயில் போகத் தொடங்கியது.

யாரிடமிருந்து மட்டும் வாங்கலாம் என்று இரண்டாவது வரி ஒன்று உண்டு. அதையும் எழுதியிருந்தேன். இயக்குநர் எடுக்கச் சொன்னார். மாதத்தில் பாதி நாள் அவர் வெளியூர் விருந்தினர் மாளிகைகளில் இருப்பார். அந்த வரியால் அங்கிருந்து அவருடைய மெயில் போகவில்லை.

"நம்ம மெயிலை நம்மளே தடுக்கிறதா? எடுத்துவிடுங்க, பெறகு பாத்துக்கலாம்."

அந்த வழியாக எது வந்தாலும் தனக்குள்ளிருந்தே வந்ததாக எண்ணி சர்வர் கேள்வி கேட்காமல் அனுப்பிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே எடுத்தேன்.

மூன்றாவது வாரம் பள்ளங்கியிலிருந்து ஒரு பெண் வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம், இங்கேயும் ஒரு தோட்டத்தில் தினக்கூலி. மகளுக்குக் கோவையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. தாயகம் திரும்பிய குடும்பம் என்று நாங்கள் தரும் கடிதம் மறுநாள் மதியத்துக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

கடிதத்தை மெயிலில் அனுப்பினேன். திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினேன், மீண்டும் வந்தது. திண்டுக்கல் சர்வரில் வெளியே போகக் காத்திருந்த மெயில்களைத் திறந்தேன். நான் திறந்துவிட்ட வழியாக யார் யாரோ அனுப்பிய ஆண்மை மாத்திரை விளம்பரங்கள், ஆயிரக்கணக்கில். சிலவற்றில் படங்கள். எல்லாவற்றிலும் அனுப்புநர் இடத்தில் எங்கள் முகவரி.

கல்லூரிக்கு போன் செய்தேன். எடுத்த அலுவலகப் பெண் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க ஆபீஸ் மெயிலுங்களா? காலைல இருந்து வந்துட்டேதான் இருக்குதுங்க. பிரின்சிபால் மேடமே பாத்துட்டாங்க. இனிமே உங்ககிட்ட இருந்து எதுவும் உள்ள வராதுங்க. கடிதத்த ஆளுகிட்ட குடுத்து அனுப்புங்க."

வெளியே பெஞ்சில் அந்தப் பெண் நனைந்த செருப்போடு உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டுதாங்களா ஐயா?"

கம்ப்யூட்டர் கோளாறு, நேரில்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"மிஷினு என்னா செய்யும், பாவம். நாந்தான் ஒங்களுக்குத் தொல்ல குடுத்திட்டேன்."

கடிதத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கோவைக்குப் போக பழனி பஸ்ஸுக்கு நடந்தார். நான் உள்ளே போய் அந்த இரண்டாவது வரியைத் திரும்ப எழுதினேன். மாலையில் இயக்குநர் போன் செய்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப என் மெயில் எப்பப் போகும்?" என்றார்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்தார். மகளைச் சேர்த்துக்கொண்டார்களாம். பழனி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஆயக்குடி கொய்யா நான்கை என் மேசையில் வைத்தார்.

"மிஷினுக்கு சொகமாயிட்டுதா ஐயா?"

ஆகிவிட்டது என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் படி இறங்கும்வரை பழங்களைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.