அலமாரியில் வைக்க ஓர் அம்மாவின் பொருள்கள்

பாலிடெக்னிக் கடைசி ஆண்டில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். முழுப்படத்துக்கு முன்னால் அதன் டிரெய்லரை வகுப்பில் காட்ட வேண்டும். கதை எழுதி இயக்கியவள் என் தோழி. இறந்துபோன அம்மாவின் அலமாரியை ஒரு மகள் திறந்து ஒழுங்குபடுத்துவதுதான் கதை. அந்த அலமாரிக்குள் வைக்கும் பொருள்களைத் தேடிச் சேர்ப்பது என் வேலை.

தோழியின் அம்மா அதற்கு முந்தைய ஆண்டுதான் தவறியிருந்தார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவளிடம் அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. அவளும் பேசவில்லை. ஆங்கிலத்தில் கதையை எழுதிக் கொண்டுவந்து, குரல் மாறாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை நானும் அவளும் தேக்கா கடைத்தெருவுக்குப் போனோம். சேலை, கைப்பை, குங்குமச் சிமிழ், இப்படிச் சில பொருள்கள்தான்; சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் கடையில் அவள் எந்தச் சேலையையும் எடுக்கவில்லை. அடுத்த கடையில் கரை பெரிதாக இருந்தது, அதற்கடுத்ததில் நிறம் கண்ணை உறுத்தியது. கைப்பைகளைத் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். எனக்குக் கால் வலித்தது, எரிச்சலும் வந்தது. டிரெய்லரில் இது கண் சிமிட்டும் நேரம்தான் வரும் என்று சொன்னேன்.

“இது வேணாம் லா. அம்மா இந்த மாதிரி கட்டவே மாட்டாங்க” என்றாள்.

கதையில் வரும் அம்மாவை நாங்கள் எப்போதும் ‘மதர்’ என்றுதான் சொல்வோம். கையில் இருந்த சேலையை மடித்து வைத்தேன்.

சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வீட்டில் அம்மாவுடைய சேலை ஒன்றாவது இருக்குமே என்று கேட்டேன். இல்லை என்றாள். காரியம் முடிந்த கையோடு பெரியம்மா வந்து எல்லாவற்றையும் பைகளில் கட்டி யார் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். இவள் அன்று பரீட்சைக்குப் போயிருந்தாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம், தடுக்கவில்லை. அவளுக்கு ஆறாமல் இருந்தது அதுதான். அதன்பிறகு அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை என்றாள்.

கடைசியில் ஒரு சாதாரண பருத்திச் சேலையும் ஒரு கைப்பையும் வாங்கிக்கொண்டு பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனோம். அங்கேதான் படம் எடுப்பதாக இருந்தது. அவள் அப்பா டாக்சி ஓட்டுபவர். அன்று வீட்டில் இருந்தார். இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்டபோது, “ஸ்கூல் ப்ராஜெக்ட்” என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். நான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், ஓர் அம்மாவின் அலமாரிக்கு, அங்கிள், என்று.

அவர் சேலையையும் பையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லிஃப்டில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் டிஷ்யூவில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. பிரித்தார். பழுப்பு நிறக் கொண்டை கிளிப். அதன் பற்களில் சில முடிகள் சிக்கியிருந்தன.

“இவ அம்மா வேலை முடிஞ்சு என் டாக்சியிலதான் வருவா. தலையைச் சாய்க்கணும்னு இதைக் கழட்டி கதவு பாக்கெட்டுல போட்டுடுவா. எல்லாத்தையும் கொடுத்தப்புறம்தான் பார்த்தேன். படத்துக்கு வேணும்னா எடுத்துக்கோங்க. ஆனா திருப்பிக் கொடுத்துடணும்மா.”

தோழி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?”

அவர் டிஷ்யூவை மடித்தார். “நீ கேட்டா கொடுக்கணுமேன்னு பயமா இருந்துச்சு” என்றார்.

அழுதது நான்தான். அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் பெரியம்மாவைத் தடுக்கவில்லை என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். அம்மாவின் பொருள்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் நீ எப்படிப் பரீட்சை எழுதுவாய் என்று நினைத்தேன், அது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை என்றார். பிறகு, படத்தின் கதை என்ன என்று கேட்டார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவள் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். வார்த்தை கிடைக்காத இடங்களில் அவரே எடுத்துக்கொடுத்தார். நான் சமையலறைக்குப் போய்க் கழுவியிருந்த கோப்பைகளையே மறுபடியும் கழுவினேன்.

அந்தக் கிளிப்பைப் படத்தில் காட்ட வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள். அதே மாதிரி ஒன்றை நான் தேக்காவில் தேடி வாங்கினேன். இந்த முறை எதையும் அவள் குறை சொல்லவில்லை. டிரெய்லரைப் பார்த்த ஆசிரியர் ஒளியமைப்பைப் பற்றி மட்டும் குறை சொன்னார்.

முழுப்படம் திரையிட்ட அன்று அவள் அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மகளிடம் போய், எந்த ரூமில் உட்கார்ந்து இதையெல்லாம் வெட்டி ஒட்டினாய் என்று கேட்டார். அவள் அவரை எடிட்டிங் அறைக்குக் கூட்டிப் போனாள். எனக்காகக் காத்திருக்காதே என்று தூரத்திலிருந்து கையைக் காட்டினாள். நான் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.