வியாழக்கிழமைதோறும் சாமி படங்களை இறக்கி வைத்தேன்

எங்கள் வீட்டில் செல்போன் டவர் ஒழுங்காகக் கிடைப்பது சாமி அறையில் மட்டும்தான். இண்டூருக்குப் பக்கத்தில், தக்காளித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற வீடு. கிழக்கு மூலையில் சாமி அறை. அதில் ஒரு சின்ன ஜன்னல். கதவை உள்ளே தாழ் போட முடிகிற அறையும் அது ஒன்றுதான். அதனால் போனில் பேச என் மகளை அங்கேதான் உட்கார வைத்தேன். அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாமி முன்னால் உட்கார்ந்து பேசினால் சீக்கிரம் குணமாகும் என்றுகூட நினைத்தேன்.

மகளுக்கு பெங்களூரில் கம்பெனி வேலை. ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்ற இடத்தில், அவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாளாம். கூடத் தங்கியிருந்த தோழிதான் பஸ்ஸில் கூட்டிவந்து எங்களிடம் விட்டாள். மூன்று மாதம் லீவு என்று மகள் சொன்னாள். தர்மபுரியில் நெஞ்சுக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். மந்திரித்துத் தாயத்து கட்டினேன். சோறு இறங்கவில்லை. தட்டில் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பகலெல்லாம் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்ப்பாள். இந்தப் பிள்ளை பழையபடி ஒரு வாய் சோறு தின்னாதா என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லாமல் போயிற்று.

தோழிதான், மனக்கஷ்டம் இருப்பவர்களிடம் போனில் பேசி ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மாவை ஏற்பாடு செய்து கொடுத்தாள். அந்த அம்மா பெங்களூரில் இருப்பவர், தமிழ் பேசுவார். குழந்தைகள், பெரியவர்கள், புருஷன் பெண்டாட்டி, குடும்பத்தோடு வருகிறவர்கள் என்று எல்லோரிடமும் போனிலேயே முகம் பார்த்துப் பேசுவாராம். அந்த ஊர் நெரிசலில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் ஒரு நாள் போய்விடும் என்பதால் அப்படி.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. நான் விடியலில் மாட்டைக் கறந்து, தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, குளித்து விளக்கேற்றுவேன். போனைத் துடைத்து அதன் ஓரத்தில் துளி விபூதி வைப்பேன். விளக்குப் பலகையில், சுவரில் மாட்டிய தீர்த்தமலை ஈஸ்வரன் படத்தின்மேல் அதைச் சாய்த்து நிறுத்துவேன். மகள் எதிரே பாயில் உட்காருவாள். நான் கதவைச் சாத்திவிட்டு வாசலில் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். சரியாக முக்கால் மணி நேரம். அவள் வெளியே வரும்போது முகம் உள்ளே போனபோது இருந்த மாதிரியே இருக்கும்.

"என்னா கண்ணு பேசினீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

நான்கு வியாழன் இப்படிப் போயின. ஐந்தாவது வாரம் அந்த அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் பேச வேண்டும் என்றார். நானும் என் மனைவியும் போன் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கை கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"டாக்டரம்மா, வணக்கங்க," என்றேன்.

"நான் டாக்டர் இல்லைங்கப்பா, கவுன்சிலர்தான். உங்க பொண்ணு நான் என்ன கேட்டாலும் ஆமா, இல்ல, நல்லா இருக்கேன், இவ்வளவுதான் சொல்றாங்க. மனசுல ஏதோ இருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியாது, நான் தோண்டி எடுக்கவும் கூடாது. ஆனா அவங்க பேசினாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்."

"வூட்ல யாரும் ஒட்டுக் கேக்கறதில்லைங்க. நான் மரத்தடிக்குப் போயிடுவேன். இவ மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிடுவா."

அவர் சிரித்தார். "உங்கள குறை சொல்லலைங்க. இங்க ஒருத்தர் வீட்ல நாலு ரூம் இருக்கு. ஆனா கார் பார்க்கிங்ல போய், கார் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுத்தான் எங்கிட்ட பேசுவார். ஒரு அம்மா மொட்டை மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னாடி நின்னு பேசுவாங்க. ஒரு குட்டிப் பொண்ணு கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டாத்தான் வாயே திறக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம் வேணும். உங்க பொண்ணுக்கு அது எங்கன்னு யோசிங்க."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான். சாமி அறையைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது?

அன்று சாயங்காலம் வரப்பில் புல் அறுக்கும்போது மனைவியிடம் அதையே சொல்லிப் புலம்பினேன். அவள் அரிவாளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்களும் உங்க தம்பியும் நெலத்துக்குச் சண்ட போட்டீங்களே, அன்னிக்கு மொதல்ல என்னா செஞ்சீங்க?"

"என்னா செஞ்சேன்?"

"ஓடிப் போய் சாமி ரூம் கதவச் சாத்தினீங்க. அப்பறம்தான் அவன வாய்க்கு வந்தபடி பேசினீங்க."

உண்மைதான். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. கெட்ட பேச்சு, சண்டை, சாவுச் செய்தி எதுவாக இருந்தாலும் முதலில் சாமி அறைக் கதவைச் சாத்திவிடுவோம். சாமி காதில் விழக்கூடாது என்று. என் அப்பாவும் அப்படித்தான் செய்வார்.

"நாம பேசணும்னா சாமிக்குக் கதவு சாத்தணும். அவள மட்டும் கதவச் சாத்தி உள்ளயே வெச்சிட்டீங்க," என்றாள். மறுபடி புல்லை அறுக்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கை ஓடவில்லை. ஈஸ்வரன் படத்தின் மேலேயே போனைச் சாய்த்து வைத்தேனே, அந்தப் பிள்ளை நான்கு வாரமும் போனைப் பார்த்ததா, ஈஸ்வரனைப் பார்த்ததா?

அடுத்த வியாழன் டவர் கிடைக்கிற வேறு இடம் தேடி வீடு முழுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், மாடிப்படி. எங்கும் போனில் முகம் தெரியாமல் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. வேறு வழியில்லை. குளித்தேன். சாமி அறைக்குள் போய், "மன்னிச்சுக்கோ" என்று சொல்லி, படங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்குவதோடு சரி, மற்ற நாளில் நாங்கள் அவற்றை அசைக்க மாட்டோம். ஏழு படம். துவைத்த வேட்டியை விரித்து, சமையலறை அரிசி டிரம்மின் மேல் அடுக்கி, மேலே துண்டு போட்டு மூடினேன்.

மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா எறக்கறீங்க?"

"எந்நேரமும் இந்த ரூம்லயே இருக்காங்க. சமையக்கட்டுல ரசம் வாசன புடிச்சிட்டு இருக்கட்டும். நீ போய் பேசு."

அவள் உள்ளே போனாள். தாழ் விழும் சத்தம் கேட்டது. நான் மரத்தடியில்கூட நிற்கவில்லை. தக்காளித் தோட்டத்துக் கடைசி வரைக்கும் நடந்து, அங்கே போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி போயிற்று, ஒரு மணியும் போயிற்று. கதவு திறக்கவில்லை. திறந்து வந்தபோது அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. நேரே போய்க் கட்டிலில் படுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம் வரை அசையாமல் தூங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து மகள் அந்த அம்மா முன்னிலையில் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். லீவு இல்லை. வேலை போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. கம்பெனியில் நிறையப் பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதில் இவளும் ஒருத்தி. எங்களிடம் சொல்லவில்லை. காலையில் நான் போன் பண்ணும்போது பஸ்ஸில் இருக்கிறேன் என்பாள். பொய் இல்லை, பஸ்ஸில்தான் இருந்திருக்கிறாள். பையை மாட்டிக்கொண்டு ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து, பூங்காவில் உட்கார்ந்து, சாயங்காலம் அறைக்குப் போயிருக்கிறாள்.

நடுவில் ஒரு தடவை, வேலை எப்படிப் போகிறது என்று நான் துருவிக் கேட்டபோது, ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று பதவி உயர்வு என்று சொல்லிவிட்டாள். நான் விட்டேனா? அவளை வரவழைத்து தீர்த்தமலைக்குக் கூட்டிப்போய், படி ஏறி, தீர்த்தத்தில் தலை நனைத்து, அவள் பேரில் அர்ச்சனை செய்தேன். அவள் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றாள். பக்தி என்று நினைத்தேன்.

கேட்டதும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஊரெல்லாம் சொல்லி வைத்தேனே என்ற கோபம்தான் வந்தது. வாயைத் திறந்தேன். மனைவி என் தொடையைக் கிள்ளினாள். வந்த பேச்சை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு அசதி அன்று எனக்கு. பத்து பாரம் தக்காளி சுமந்தாலும் அப்படி வராது.

பேச்சு முடிந்து படங்களை மாட்டும்போது மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசியாக ஈஸ்வரன் படம். கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அந்த அர்ச்சன என்னாப்பா ஆகும்? பொய்க்குத்தான செஞ்சோம்?"

எனக்குப் படிப்பு பத்தாவது வரைதான். அந்தக் கவுன்சிலர் அம்மா மாதிரி பேசத் தெரியாது. ஆனால் அர்ச்சனை எனக்குத் தெரியும்.

"ஐயருகிட்ட என்னா சொன்னோம்? உம் பேரு, ராசி, நட்சத்திரம். வேலயப் பத்தி ஒரு வார்த்த சொன்னமா?"

யோசித்தாள். "இல்ல."

"அப்ப உனக்குத்தான் செஞ்சது. வேலைக்கு இல்ல. அதுல எங்க பொய் வந்துச்சு? குடு படத்த, கை வலிக்குது."

கொடுத்தாள். சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை, ஆணியில் கண் வைத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டைப் பார்க்கவே பயந்துகொண்டு நான் என் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா," என்றாள் மகள். மனைவி என்னைப் பார்க்காமல் ஊற்றினாள்.

அரிசி டிரம்மின் மேல் விரித்த வேட்டியை மடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடி இறக்க வேண்டும்.